இசைத்தட்டு கழுவிய தண்ணீர்

புன்னைத்துறையில் முக்கியமான பேச்சை யாரும் வீட்டுக்குள் வைத்துப் பேச மாட்டார்கள். வீடுகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்கிற கடற்கரை ஊர் அது. ஒரு வீட்டில் புருஷன் பெருமூச்சு விட்டால் பக்கத்து வீட்டில் காரணம் சொல்வார்கள். அதனால் பெண் கேட்பதோ, பெண் தரமாட்டேன் என்பதோ, பங்காளியிடம் மன்னிப்புக் கேட்பதோ, மன்னிக்க முடியாது என்பதோ, எதுவாக இருந்தாலும் திருவிழாவோ கல்யாணமோ வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, மைக் செட்டில் இசைத்தட்டைப் போட்டுக் கூம்பு ஒலிபெருக்கியை அலறவிட்டதும், அது கட்டியிருக்கிற கம்பத்தடியில் போய் நின்று, எதிராளியின் காதில் வாயை வைத்துக் கத்திவிட்டு வந்துவிடுவார்கள். கேட்க வேண்டியவரைத் தவிர ஒருவருக்கும் கேட்காது. அதற்குக் கூம்படிப் பேச்சு என்று பெயர். அங்கே சொன்னதை வெளியே சொல்லிக் காட்டுவது, ஊரில் மன்னிக்கப்படாத ஒரே குற்றம்.

சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடவில்லை, கம்பத்தடியில் சுழன்றுகொண்டிருந்த தட்டுகளின் பள்ளங்களில் தூசியோடு தூசியாக இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது, ஈஸ்டர் கழிந்து வந்த முதல் புதுநன்மை வீட்டில், ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய விருந்தில், தெரியவந்தது. மைக் செட்டை நடத்துகிற ஜெசிந்தா ஒரு மாதா பாட்டைப் போட்டாள். முதல் சரணத்தில் ஓர் ஆண்குரல் ஊரெல்லாம் கேட்க, “உன் தங்கச்சிய எனக்குப் பேசி முடிக்காத. எனக்கு உன்னையத்தான் பிடிச்சிருக்கு” என்றது. அடுத்த சரணத்தில் ஒரு பெண்குரல், “எங்க அம்ம செத்தாலும் நீங்க வாசப்படி ஏறக்கூடாது” என்றது. ஊசி கடந்து போனதும் தூசி பறந்துவிட்டது, பாட்டு பளிச்சென்று ஆகிவிட்டது. மறுபடி போட்டால் பாட்டு மட்டும்தான். குரல் ஒரே ஒரு தடவை.

அதிசயப்பட யாருக்கும் நேரமில்லை, அடுத்தது யாருடையது என்ற கவலையே எல்லாரையும் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் ஊர் என்பது எதற்கும் ஒரு மரியாதையைக் கண்டுபிடித்துக்கொள்ளக்கூடியது. தட்டிலிருந்து குரல் வந்தால் எல்லாரும் கடல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும், குரலுக்கு உரியவர் எழுந்து போகக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் வெற்றிலை கேட்டு அவருக்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் தானாகவே ஒரு முறை வந்தது. எந்தக் காலத்திலோ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்ல ஆரம்பித்தவர்களும் உண்டு. பேரன் எடுத்த பிறகு “அன்னைக்கு நான் சரின்னுதான் சொன்னேன், பாட்டு முடிஞ்சதால உமக்கு விளங்கல” என்று ஒருத்தி வாசலில் வந்து நின்றதும் உண்டு. ஆனால் மொத்தத்தில் ஊர் தூங்கவில்லை. மைக் செட் இல்லாமல் கல்யாணம் செய்தால் இழவு வீடு மாதிரி இருக்கிறது, மைக் செட் வைத்தால் இழவு விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தோனியார் திருவிழாவின் கொடியேற்றமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருத்தி துணிச்சலாக ஒரு தட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோப்புத்தூள் போட்டுக் கழுவிப் பார்த்தாள். குரல் கையில் ஏறிக்கொண்டது. அன்று முழுக்க அவள் எதைத் தொட்டாலும், புளியைக் கரைத்தாலும், பிள்ளைக்குத் தலை வாரினாலும், விரலிடுக்கிலிருந்து யாரோ யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஊர்க் கமிட்டி கூடி, தட்டுக் கழுவுவதற்கென்றே இருக்கிற மிஷின் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தது. விவரம் தெரிந்தவள் ஜெசிந்தா ஒருத்திதான், அவளே போய்த் தேர்ந்தெடுக்கட்டும், தலைவர் கஸ்பார் துணைக்குப் போகட்டும் என்று தீர்மானம் ஆயிற்று.

“மிஷின்னா மிச்சம் வைக்கக்கூடாது ஜெசிந்தா. கழுவுனா கழுவுனதா இருக்கணும்” என்றார் கஸ்பார். அவருக்குக் கூம்படியில் என்னென்ன பேச்சு உண்டு என்று யாருக்கும் தெரியாது. நிறைய உண்டு என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஜெசிந்தாவுக்கு வேண்டியது வேறு. அவள் புருஷன் ரோச், விசாரணைக் கைதியாக ஜெயிலில் இருந்தான். போன வருஷத் திருவிழாவில், சப்பரம் கிளம்பிய சாயங்காலத்தில், கஸ்பாரின் விசைப்படகு கரையில் எரிந்தது. உள்ளே அசந்து தூங்கிய காவலாள் சூசைக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. அதற்கு முந்தின வாரம்தான் அந்தப் படகு ரோச்சின் வலையை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அன்று மைக் செட்டைக் கவனித்த ரோச், ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் ஓடுகிற பெரிய தட்டொன்றைப் போட்டுவிட்டு, அது ஓடி முடிவதற்குள் கரைக்குப் போய்த் தீ வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான் என்று போலீஸ் சொன்னது. கமிட்டிக்காரர்களும் அவன் கரைப்பக்கம் நடந்ததைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்தார்கள்.

ரோச் சொன்னது ஒன்றுதான். அந்தத் தட்டு ஓடின நேரமெல்லாம் கூம்படியில் ஒருத்தரோடு பேசிக்கொண்டு நின்றேன், யார் என்று சொல்ல மாட்டேன், கூம்படிப் பேச்சைச் சொல்லிக் காட்டினால் நான் புன்னைத்துறைக்காரன் இல்லை. ஜெசிந்தாவுக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தது.

அந்தத் தட்டு அவளிடம் இருந்தது. தீயை அணைக்க ஓடியவர்களின் குடத்திலிருந்து கடல்தண்ணீர் கொட்டி, உப்பு வெள்ளையாகப் படிந்து இறுகிவிட்டிருந்தது. ஊசி வைத்தால் வழுக்கி ஓடியது. உப்பு போக வேண்டும், குரல் இருக்க வேண்டும். ரோச்சின் குரல் அதிலிருந்து ஊரறிய வந்துவிட்டால், அதற்குப் பிறகு கோர்ட்டில் ஏறிப் பொய் சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு எழாது. சாட்சி விசாரணை திருவிழா முடிந்த கையோடு வந்தது. இதை விட்டால் அவன் வெளியே வர வழியில்லை.

மிஷின் வாங்க மதுரைக்குப் போகும் முன் ஜெயிலுக்குப் போய்ச் சொன்னாள். கம்பிக்கு அந்தப்பக்கம் ரோச் தாடியைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

“உப்பு குடிச்ச தட்டு. அதுல என்ன இருக்கப்போவுது, தூரப் போடு.”

“உங்க சத்தம் இருக்குல்லா.”

“நல்லா கழுவுற மிஷினா பாத்து வாங்கு” என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி. ஜெயில் மனுஷனை எப்படி ஒடித்துவிட்டது என்று பஸ்ஸில் வரும்போது அழுதாள்.

மதுரைக் கடையில் மூன்று மிஷின்கள் இருந்தன. ஜெசிந்தா ஊரிலிருந்து பழைய கல்யாணத் தட்டுகள் சிலவற்றைச் சோதனைக்கென்று கொண்டுபோயிருந்தாள், கஸ்பார் வழியெல்லாம் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வேர்த்துக்கொண்டு வந்திருந்தார். முதலாவது, கையால் சுற்றுகிற பிளாஸ்டிக் தொட்டி. இரண்டு பிரஷ்களுக்கு நடுவில் தட்டைச் சொருகிச் சுற்ற வேண்டும். சுற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தார்கள். குரல்கள் போகவில்லை, பள்ளம் விட்டுப் பள்ளம் நகர்ந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டிருந்தன. யாரோ வரதட்சிணை பேசிய குரலின் வாலில் யாரோ உயிரைக் கொடுப்பேன் என்று சொன்னது ஒட்டிக்கொண்டு, ஒரு கிழவர் சம்பந்தியைப் பார்த்து உருகுவதாக ஆகிவிட்டது. கஸ்பார் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார்.

இரண்டாவது உறிஞ்சுகிற மிஷின். மோட்டார் மாவு மில் மாதிரி இரைந்தது. கடைக்காரர், “இதுதான் சார் நல்லா போற ஐட்டம்” என்றார். ஜெசிந்தா குனிந்து அடியில் தட்டிப் பார்த்தாள், மூடியின் கீலை ஆட்டிப் பார்த்தாள், உறிஞ்சும் குழலின் வாயில் ஒட்டியிருந்த வெல்வெட்டை நகத்தால் நெருடிப் பார்த்தாள். அது ஒரு ஓரத்தில் ஏற்கெனவே உரிந்திருந்தது. கழுவிப் போட்டதும் குரலில் பாதி வந்தது, வார்த்தை போய்த் தேம்பல் மட்டும் வந்தது. தொட்டியின் மூட்டு கசிந்து தரையில் சொட்டிய தண்ணீர் முணுமுணுத்தது. கடைப்பையன் காலாலேயே ஒரு துணியைத் தள்ளித் துடைத்தான்.

மூன்றாவது துருப்பிடிக்காத எஃகில், ஒரு ஆள் தூக்கத் திணறும் கனத்தில் இருந்தது. தட்டு நிமிர்ந்து தண்ணீரில் பாதி மூழ்கி மெதுவாகச் சுழலும். எதுவும் அதைத் தொடாது, தண்ணீர் மட்டும் காதுக்கு எட்டாத ஒரு நடுக்கத்தில் நடுங்கி அழுக்கை உதிர்க்கும். ஒட்டு எல்லாம் உள்ளேயிருந்து பற்றவைத்திருந்தது. நடுவில் உள்ள லேபிள் காகிதத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் படாமல் ரப்பர் வளையம் இறுக்கிப் பிடித்தது. அழுக்குத் தண்ணீர் அடியில் கழற்றக்கூடிய ஒரு தொட்டியில் இறங்கும், அதற்குப் பித்தளைக் குழாய், குழாய்க்குப் பூட்டு. கழுவிய தட்டைப் போட்டார்கள். பாட்டு மட்டுமே வந்தது, அப்படி ஒரு சுத்தம். கஸ்பார் கண்ணை மூடி மூச்சு விட்டார். ஜெசிந்தா மிஷினின் அடியில் குனிந்தாள். இந்த மிஷினில் ரோச்சின் தட்டு போனால் ரோச்சின் குரலும் போச்சே என்று நினைத்தபடியே, பூட்டாமல் இருந்த பித்தளைக் குழாயைக் கொஞ்சமாகத் திருகினாள்.

தண்ணீர் விழுந்தது. விழும்போதே, ஒரு எழுத்து குறையாமல், “நீ மட்டும் வரலைன்னா நான் இந்தக் கல்யாணத்துல சோறு திங்கமாட்டேன்” என்றது.

“மூடு, மூடு” என்றார் கஸ்பார்.

அவள் மூடினாள். எதுவும் அழியவில்லை, இந்த மிஷின் ஒரு சொட்டைக்கூட விடாமல் வைத்துக்கொள்கிறது. தண்ணீரைத் திறந்தால் போதும், ரோச் பேசுவான். “இதுதான் வேணும் தலைவரே, இதுதான் கட்டுமானம்” என்றாள். பூட்டு இருப்பது கஸ்பாருக்கும் பிடித்திருந்தது.

ஊருக்கு வந்ததும் தொட்டியின் சாவி யாரிடம் இருப்பது என்று பெரிய சண்டை. கமிட்டியில் ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் சம்மதிக்கவில்லை. புருஷன் ஜெயிலில் இருக்கிறவளிடம் யார் வந்து கூம்படியில் பேசியிருக்கப் போகிறார்கள், அவளுக்கு யார் ரகசியத்திலும் பங்கில்லை என்று யோசித்து, கடைசியில் ஜெசிந்தாவிடமே கொடுத்தார்கள். ஊர்த் தட்டுகள் எல்லாம் கழுவப்பட்டன. கோயில் வளாகத்தில் ஊர் சுற்றி நிற்க, ஒவ்வொரு தட்டும் கறுத்து மினுங்கி வெளியே வந்தது, தொட்டி கனத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் அவள் அந்த உப்புத் தட்டை எடுத்தாள்.

“தொட்டியக் கடல்ல ஊத்திட்டு, இதையும் போடுதேன். எல்லாரும் இருந்து கேளுங்க.”

“அது போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்டது. அதுல நாம கைவைக்கக் கூடாது” என்றார் கஸ்பார். கமிட்டி முழுவதும் அதையே சொன்னது. எழுதிக் கொடுத்த சாட்சியைத் தட்டு பொய்யாக்கிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. மிஷின் ஊருடையது, உன் தட்டு இதில் வைக்கப்படாது என்று முடித்துவிட்டார்கள்.

ஜெசிந்தா தட்டை உறையில் போட்டாள். சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பிறகு தொட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

“அப்போ கடலுக்கும் போகாது. கூம்படியில ஒத்தையா நின்னு யாரும் பேசமாட்டாங்க. அன்னைக்கு அவுககூட ஒரு ஆளு நின்னுருக்கு. அந்த ஆளு வந்து கோர்ட்டுல சொல்லட்டும். இல்லைன்னா கொடியேத்தம் அன்னைக்கு இந்தத் தண்ணியக் கூம்பு முன்னால வச்சுத் திறந்துவிடுவேன்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஊர் சமாளித்திருக்கும். ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள், அன்றைக்குப் பல வீட்டில் அடுப்பு பற்றவில்லை.

மறுநாள் காலையில் ஒரு ஆள் வந்தார். அன்று ரோச்சோடு பேசிக்கொண்டிருந்தது நான்தான், கோர்ட்டில் சொல்கிறேன் என்றார். ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தர் வந்து, நான்தான் என்றார். மத்தியானம் அண்ணன் தம்பி இருவர், ஒருவருக்கு மற்றவர் வந்தது தெரியாமல், தனித்தனியாக வந்து நான்தான் என்றார்கள். ஒரு கன்னியாஸ்திரீ வந்தார். பிறகு வரிசை நின்றது. யார் உண்மையான ஆள் என்று அவளுக்கு விளங்கவேயில்லை, அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு மனமும் இல்லை. கடைசியில் கஸ்பார் வந்தார்.

“என் படகுதான் எரிஞ்சது. ஆனாலும் நானும் நின்னேன்னு சொல்லுதேன். போதுமா.”

“போதும் தலைவரே.”

கோர்ட்டில் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் பிறழ் சாட்சியானார்கள். ஊரே சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கி ஒரே வாக்கியத்தைச் சொன்னது. ஒரு கம்பத்தடியில் இத்தனை பேர் எப்படி நின்றார்கள் என்று ஜட்ஜ் கேட்டார், திருவிழாக் கூட்டம் ஐயா என்றார்கள். ரோச் விடுதலை ஆனான். ஜெசிந்தா சொன்ன சொல் தவறாமல், கமிட்டியை ஒரு வல்லத்தில் ஏற்றிக்கொண்டு கரை மறையும் தூரம் போய், தொட்டியைத் திறந்துவிட்டாள். தலைமுறைகளின் கூம்படிப் பேச்சு எல்லாம் ஒரே கூச்சலாகக் கடலில் விழுந்து முடிந்தது. கஸ்பார் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, போதும் என்றார். மிஷினை மைக் செட்டோடேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், இனி அதைப் பார்க்கவே யாருக்கும் பிடிக்கவில்லை.

ரோச் வருவதற்கு முந்தின சாயங்காலம் சூசை வாசலில் வந்து நின்றான். வெந்து சுருங்கிய கைகளை மார்போடு வைத்திருந்தான்.

“மைனி, எனக்கு அந்தத் தண்ணியில ஒண்ணும் கிடையாது. அதான் நான் சாட்சிக்கு வரல. உங்களுக்கு நல்லது நடந்ததுல எனக்கு வருத்தமும் இல்ல. அந்தத் தட்ட மட்டும் ஒருக்கா கழுவிக் கேட்டுச் சொல்லுங்க. ரோச் அண்ணன் இல்லைன்னு தெரிஞ்சா நானும் அவுக மொகத்தப் பாத்துச் சிரிப்பேன்.”

“அவுக வரட்டும். சேந்து உக்காந்து கேக்கோம். உன்னையும் கூப்பிடுதேன்” என்றாள் ஜெசிந்தா. அதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை.

ரோச் வந்தான். தாடி எடுத்தான், மீன் குழம்பு ஊற்றி வயிறாரச் சாப்பிட்டான், அடுத்த நாள் காலையில் ஜெசிந்தா பூசைக்குப் போனாள். நன்றி சொல்ல நிறைய இருந்ததால் பூசை முடிந்தும் கொஞ்ச நேரம் முழந்தாளில் இருந்தாள். திரும்பி வரும்போது தெரு முனையிலேயே அந்தப் பாட்டு கேட்டது. போன வருஷம் சப்பரத்துக்குப் போட்ட பாட்டு, ஒரு கீறல் இல்லாமல், ஒரு இரைச்சல் இல்லாமல், அப்படி ஒரு சுத்தம்.

மிஷின் ஈரமாக இருந்தது. ரோச் பிளேயர் பக்கத்தில் துண்டால் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஒரே உப்பு. கழுவிட்டேன். நல்ல மிஷின்தான் எடுத்திருக்க, ஒண்ணுமே மிச்சமில்ல பாரு.”

“என்னைக் கேக்காம ஏன் கழுவுனிய?”

“கேக்க என்ன இருக்கு. அதான் விடுதலையாயிட்டே. கழுவுனதுல என் சத்தமும் போயிருக்கும், போனாப் போவுது.”

அவன் சிரித்தான். ஜெசிந்தா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழுவிய தட்டில் குரல் இல்லையென்றால், கழுவியதால் இல்லை என்று சொல்லிவிடலாம். கழுவாத தட்டில் குரல் இல்லையென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அதை அவன் யோசித்திருக்கிறான். ஜெயிலில் உட்கார்ந்து ஒரு வருஷமாக யோசித்திருக்கிறான். அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்படி இருக்காது, என் புருஷன் அப்படிப்பட்டவன் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தொட்டியைக் கழற்றினாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“எங்க தூக்கிட்டுப் போற அத?”

“தண்ணி ஊத்திட்டு வாறேன்.”

சூசை தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அவள் தொட்டியைப் படிக்கல்லில் வைத்து, ஏன் என்று சொல்லாமல், சங்கிலியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். அவன் புரிந்துகொண்டு குனிந்து காதைக் குழாய் அருகே கொண்டுவந்தான். அவள் திருகினாள்.

தண்ணீர் விழுந்தது. உப்புத் தண்ணீர், கலங்கலாக, மணலில் விழுந்தது. கெஞ்சலோ கோபமோ, மச்சான் என்றோ அண்ணே என்றோ, ஒரு கூப்பிடலோ, ஒரு இருமலோ, எது வந்தாலும் போதும் என்று ஜெசிந்தா காத்திருந்தாள். யாரோடு என்ன பேசியிருந்தாலும் சரி, வேறொருத்தியோடு பேசியிருந்தாலும் சரி, ஒரே ஒரு வார்த்தை விழுந்தால் காலமெல்லாம் அவனோடு இருந்துவிடுவேன் என்று அந்தோனியாரிடம் கேட்டாள். தண்ணீர் தண்ணீராகவே விழுந்துகொண்டிருந்தது. அவள் தொட்டியைச் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள், தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள்.

“முடிஞ்சிட்டா மைனி?” என்று சூசை கேட்டான், காதை எடுக்காமலே.

“முடிஞ்சிட்டு” என்றாள் ஜெசிந்தா. அவனுடைய இரண்டு கைகளையும் முதல்முறையாகத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல், அங்கேயே அந்த ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.